ஹார்மோன் குரோத் டானிக்: 44 நாள் கடல்விரால் கூண்டுல போட்டுப் பாத்துட்டு எழுதுறேன்

நம்ம மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கடல்ல மீன் வளக்க கூண்டு போட்டிருக்கவங்க நெறைய பேரு இந்த பாட்டில பத்தி கேக்குறாங்க, போன வாரம் மட்டும் மூணு பேரு போன் பண்ணிட்டாங்க, ஆளுக்கு ஒரு தடவை சொல்றதுக்கு ஒரேயடியா எழுதிப் போட்டுடலாம்னு உக்காந்துட்டேன். கம்பெனி பேரு, கடை பேரு ரெண்டும் போடல. கடைக்காரர் மேல எனக்கு பகை ஒண்ணும் இல்ல, இன்னைக்கும் அவர்கிட்டதான் வலையும் கயிறும் வாங்குறேன். சரக்க பத்தி மட்டும் பேசுவோம்.

ஒரு லிட்டர் வெள்ளை பாட்டில், 1,850 ரூபா. முன்னாடி பெரிய மீன் படம், "ஹார்மோன் ஆக்டிவேட்டர்"னு செவப்பு எழுத்து, அதுக்கு கீழ "மீன், இறால் இரண்டுக்கும்"னு போட்டிருக்கு. ஒரு கிலோ தீவனத்துக்கு 10 மில்லி கலக்கணும். கடையில சொன்னது என்னன்னா, உள்ள வளர்ச்சி ஹார்மோன் இருக்கு, தீனிய கம்மியா போட்டாலும் மீனு தன்னால எடை ஏறும், மீன்பிடி தடைக்காலத்துக்குன்னே வந்த மருந்து இதுன்னு. அந்த "தடைக்காலம்"ங்கிற ஒரு வார்த்தையிலதான் நான் விழுந்தேன்.

ஏன்னா ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு போகாது, கூண்டு மீனுக்கு தீனியா போடுற சூடை, காரல் மாதிரி பொடி மீனெல்லாம் நாட்டுப்படகுல வர்றதுதான், அதுக்கும் கருவாட்டுக்காரங்க, கோழித்தீவனக்காரங்க எல்லாம் அடிச்சுப் புடிச்சு நிப்பாங்க, கூண்டுக்காரன் கைக்கு வரும்போது வெலையும் ஏறிரும் மீனும் நசுங்கிரும். எனக்கு வடகடல்ல ரெண்டு கூண்டு, 6 மீட்டர் வட்டம், நானும் என் மச்சானும் சேந்து போட்டது. வாடை ஓஞ்சு ஜனவரி மொத வாரம் கூண்டுக்கு 750 கடல்விரால் குஞ்சு விட்டோம், ஏப்ரல்ல எண்ணிப் பாத்தப்ப சுமாரா 600, 600 நின்னுச்சு. தினம் ஒரு கூண்டுக்கு 40 கிலோவுக்கு மேல போட வேண்டிய நேரத்துல எங்களுக்கு கெடச்சது 25 கிலோதான். அந்த நெருக்கடியில ஒருத்தர் வந்து கம்மி தீனில வளத்துக்காட்டுற மருந்து இருக்குன்னு சொன்னா யாரா இருந்தாலும் வாங்கத்தான் செய்வாங்க.

ஆனா ரெண்டு கூண்டுக்கும் போடக்கூடாது, ஒண்ணுக்கு மட்டும் போட்டு மத்தத சும்மா விடுவோம், அப்பதான் தெரியும்னு மச்சான் சொன்னான். அது ரொம்ப நல்ல யோசனை, இந்த ரிவ்யூவே அவனாலதான் எழுத முடியுது. ஒரே நாள்ல விட்ட குஞ்சு, ஒரே தீனி, ஒரே அளவு, கெழக்கு கூண்டுக்கு மட்டும் டானிக். 15 நாளைக்கு ஒருக்க கூண்டுக்கு 25 மீன கோரி எடுத்து தொங்குற டிஜிட்டல் தராசுல ஒவ்வொண்ணா போட்டு நோட்டுல எழுதுனோம்.

ஆரம்பத்துல கெழக்கு கூண்டு சராசரி 710 கிராம், மேக்கு கூண்டு 720. நாப்பத்தி நாலாவது நாளு கெழக்கு 980, மேக்கு 1,000. அவ்ளோதான். 20 கிராம் வித்தியாசம் 25 மீன் எடுக்கும்போது ஒரு வித்தியாசமே இல்ல, ரெண்டு பெரிய மீனு கைக்கு வந்தா மாறிரும். ஒரு நாளைக்கு கால் லிட்டர் வீதம் 11 பாட்டில் போச்சு, 20,350 ரூபா.

நியாயமா சொல்லணும்ல, ஒரு விஷயம் நெசம். மொத பத்து நாளு கெழக்கு கூண்டு மீனு தீனிக்கு வேகமா மேல வந்துச்சு, வாசனை புடிச்சிருக்கும்போல. பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல அமினோ ஆசிட், வைட்டமின், ஈஸ்ட், பீட்டெய்ன்னு போட்டிருக்கு, இதுல பீட்டெய்ன் மீன தீனிக்கு இழுக்குற சாமான்தான். ஆனா வேகமா வந்தாலும் தின்ன அதே 25 கிலோதான இருக்கு. இன்னொண்ணு, சூடைய டப்பில கொட்டி டானிக்க ஊத்தி பிசறி அரைமணி நேரம் வச்சுதான் போடுவோம், அப்பவும் கூண்டுக்குள்ள விழுந்த ஒடனே தண்ணி மேல எண்ணெய் மாதிரி பளபளன்னு ஒரு படலம் விரிஞ்சு நீரோட்டத்தோட வெளிய போறது கண்ணுக்குத் தெரியும். காலையில வெயிலு சாய்வா அடிக்கும்போது நல்லாவே தெரியும். 1,850 ரூபா லிட்டர் கடலோட போகுதேன்னு மனசு கெடந்து அடிச்சுக்கும்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வரேன், ஏன் வேலை செய்யல. இத எனக்கு சொல்லிக்குடுத்தது என் அக்கா மக, தூத்துக்குடி மீன்வளக் கல்லூரில மூணாம் வருஷம் படிக்குது, லீவுக்கு வந்திருந்துச்சு. எடை போட்டப்ப வலையில செவுளு மாட்டி ஒரு மீனு செத்துப்போச்சு, அத வீட்டுக்கு கொண்டாந்தேன். கொழம்புக்குன்னு நான் நெனச்சேன், அது "மாமா தலைய எனக்குக் குடுங்க, ஒண்ணு காட்டுறேன்"ன்னு திண்ணையில பலகைய போட்டு உக்காந்துருச்சு. மண்டை ஓட்ட மேலாப்புல கத்தியால சீவி எடுத்துச்சு, உள்ள கொழுப்பு மாதிரி வழவழன்னு இருந்தத பஞ்சால ஒத்தி எடுத்துச்சு, அப்பறம் மூளைய பொறுமையா தூக்கி அதுக்கு அடியில எலும்புக் குழில கெடந்த ஒண்ண இடுக்கியால எடுத்து என் உள்ளங்கையில வச்சுச்சு. வெள்ளையா, அரிசி நொய்யி அளவுதான் இருக்கும். "இதான் மாமா பிட்யூட்டரி சுரப்பி. நீங்க தேடுற வளர்ச்சி ஹார்மோன் இங்கதான் ஊறுது"ன்னுச்சு. இத்தன வருஷமா எத்தன ஆயிரம் மீனு அறுத்திருப்பேன், இத ஒரு நாளும் பாத்ததில்ல.

அது சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதுறேன். மூளைக்கு அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ்னு ஒரு எடம் இருக்கு, அதுதான் பிட்யூட்டரிக்கு உத்தரவு போடுறது. "விடு"ன்னு சொல்ல சில ஹார்மோன், "நிறுத்து"ன்னு சொல்ல சொமாட்டோஸ்டாட்டின்னு ஒண்ணு. வயிறு காலியா இருக்கும்போது வயித்துல இருந்து கிரெலின்னு ஒண்ணு கெளம்பி அதுவும் போய் "விடு" பக்கம் சேந்துக்கும். பிட்யூட்டரி விடுற வளர்ச்சி ஹார்மோன் ரத்தத்துல போய் முக்கியமா ஈரல்ல ஒட்டும், ஈரல் அதக் கேட்டு ஐஜிஎஃப்-1னு இன்னொரு ஹார்மோன ஊத்தும், அந்த ஐஜிஎஃப் போய்தான் சதையையும் எலும்பையும் வளர வைக்குது. ஐஜிஎஃப் போதுமான அளவு ஏறிட்டா அது திரும்பிப் போய் பிட்யூட்டரிகிட்ட "போதும்"னு சொல்லிரும். மனுசன் ஒரு வயசோட வளந்து நிப்பான், மீனு அப்படி இல்ல, பெரும்பாலான மீனுக்கு இந்த வேலை உசுரு இருக்கிற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும், சதையில இருக்கிற நாரும் தடிக்கும், புது நாரும் கூடிக்கிட்டே போகும்.

இப்ப கவனிங்க, எனக்கு தூக்கிவாரிப் போட்ட எடம் இதுதான். பட்டினி கெடக்கிற மீனோட ரத்தத்துல வளர்ச்சி ஹார்மோன் கொறையாதாம், பல மீன் வகையில அது கூடத்தான் செய்யுமாம். ஆனா ஈரலு அத காதுல வாங்காது. உள்ள சத்து வரலன்னா ஈரல் ஐஜிஎஃப் ஊத்துறத கொறச்சிரும், ஏன்னா சரக்கு இல்லாம கட்டடம் கட்ட முடியாது, அந்த நேரத்துல வளர்ச்சி ஹார்மோன் வேற வேலைக்கு போயிரும், சேத்து வச்ச கொழுப்ப கரைச்சு உசுர தக்கவைக்கிற வேலைக்கு. அதாவது என் கூண்டுல அரைப்பட்டினி கெடந்த மீனுங்களுக்கு ஹார்மோன் பஞ்சம் இல்ல, சோத்துப் பஞ்சம். அப்படியே அந்த பாட்டில்ல நெசமாவே ஹார்மோன் இருந்து, அது நெசமாவே ரத்தத்துக்கு போயிருந்தாலும், ஏற்கனவே நெறைய இருக்கிற ஒண்ண மேல மேல ஊத்துன கதைதான். கம்மித் தீனில எடை ஏறும்னு சொன்னது அடியிலயே தப்பு.

இத ஏன் நம்புறேன்னா தடைக்காலம் முடிஞ்சதும் நானே கண்ணால பாத்தேன். ஜூன் 15க்கு மேல விசைப்படகு போய் வந்து தீனி தாராளமா கெடச்சது, ரெண்டு கூண்டும் அப்படித் தின்னுச்சு, கொட்டக் கொட்ட தண்ணி கொதிக்கும். தலை பெருசும் வாலு ஒல்லியுமா இருந்த மீனு மூணு வாரத்துல முதுகு திரண்டு வந்துச்சு. பட்டினிக்கு அப்பறம் தீனி வந்தா ஈரல் மறுபடி கேக்க ஆரம்பிச்சு ஐஜிஎஃப் ஏறி, விட்டத ஓரளவு புடிக்க வேகமா வளரும், அத ஈடுகட்டுற வளர்ச்சிம்பாங்கன்னு அக்கா மக போன்ல சொல்லுச்சு. ஆகஸ்ட் கடைசில புடிச்சப்ப ரெண்டு கூண்டும் சராசரி 2.4 கிலோ சுத்தி நின்னுச்சு. டானிக் போட்டது எது போடாதது எதுன்னு ஏலக்காரருக்கும் தெரியாது, எனக்கே நோட்ட பாத்தாதான் தெரியும்.

அடுத்து, வாய் வழியா குடுத்தா இந்த ஹார்மோன் ரத்தத்துக்கு போகுமான்னு கேளுங்க. வளர்ச்சி ஹார்மோன் ஒரு புரதம், சுமாரா 190 அமினோ ஆசிட் கோத்த மாலை. கடல்விரால், கொடுவா எல்லாம் மீன் திங்குற மீனு, வயித்துல நல்ல ஆசிட் இருக்கு, முள்ளோட சூடைய கரைக்கிற வயிறு இந்த மாலைய மட்டும் விட்டு வைக்குமா, பெரும்பாலும் அறுத்துப் போட்டுரும். அதனாலதான் இந்த மாதிரி ஹார்மோன எல்லாம் ஊசிலதான் போடுறாங்க. 1957 ஜூலை 10ம் தேதி ஒடிசால மீன் விஞ்ஞானிங்க ஹீராலால் சவுத்ரியும் அலிக்குன்ஹியும் கெண்டை மீன முட்டை போட வச்சாங்கல்ல, அந்த நாளத்தான் நம்ம நாட்டுல மீன் விவசாயிகள் தினம்னு கொண்டாடுறோம், அவங்க செஞ்சது என்ன, இதே நொய்யி மாதிரி சுரப்பிய எடுத்து அரைச்சு ஊசி வழியா மீனுக்கு ஏத்துனாங்க. தீனில கலக்கல. நம்ம மண்டபம் சிஎம்எஃப்ஆர்ஐ, அதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துல 2010ல கடல்விரால நம்ம நாட்டுலயே மொத தடவையா குஞ்சு பொரிக்க வச்சதும் தாய் மீனுக்கு எச்சிஜி ஹார்மோன் ஊசி போட்டுத்தான். அது முட்டை இடுறதுக்கு குடுக்குற தூண்டுதல், தாய் மீனுக்கு மட்டும், வளர்ச்சிக்கு இல்ல.

அப்ப திலாப்பியாவுக்கு தீனில ஹார்மோன் குடுக்குறாங்களே அது எப்படின்னு மச்சான் மடக்குனான். நல்ல கேள்வி. அது மெத்தில் டெஸ்டோஸ்டிரோன், ஸ்டீராய்டு வகை, புரதம் கெடையாது, அதனால வயித்துல அறுபடாம உள்ள போயிரும். திலாப்பியால ஆணுதான் வேகமா வளரும், பொட்டையும் ஆணும் கலந்து கெடந்தா குளம் பூரா குஞ்சு பொரிச்சு எல்லாமே சின்னதா நின்னுரும், அதனால பொரிச்சு தீனி எடுக்க ஆரம்பிச்ச குஞ்சுக்கு மூணு நாலு வாரம் மட்டும் அத கலந்து குடுத்து எல்லாத்தையும் ஆணாக்குறாங்க. நம்ம மீனுக்கு அது ஒத்தே வராது. கடல்விரால்ல பொட்டைதான் பெருசாகும், கொடுவா மொதல்ல ஆணா இருந்து வயசானப்பறம் பொட்டையா மாறுற சாதி.

லேபிள்ல "மீன், இறால் இரண்டுக்கும்"னு போட்டிருக்குன்னு சொன்னேன்ல, தொண்டி, தேவிபட்டினம் பக்கம் இறால் பண்ணைக்காரங்க இத கொஞ்சம் நின்னு யோசிக்கணும். இறாலுக்கு பிட்யூட்டரியே கெடையாது. அது வளர்றது சட்டை உரிச்சுத்தான், கண்ணுத் தண்டுல இருக்கிற சுரப்பி ஒண்ணு "இப்ப உரிக்காத"ன்னு அடக்கி வச்சிருக்கும், அந்தப் புடி தளந்தாத்தான் உரிக்க வைக்கிற ஹார்மோன் வேலை செய்யும். முதுகெலும்பு இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் வேற வேற ஏற்பாடு, ரெண்டையும் ஒரே ஹார்மோன் மூடில தூண்டுறேன்னு ஒரு பாட்டில் சொன்னா அது ஹார்மோனப் பத்தி பேசல, வியாபாரத்தப் பத்தி பேசுது.

சரி, வளர்ச்சிய கெடுக்குற ஹார்மோன் ஒண்ணு இருக்கு, கார்ட்டிசால், அது நம்ம கையிலதான் ரொம்ப இருக்கு. மீனு மிரண்டா, நெருக்கடியா கெடந்தா, தண்ணில ஆக்சிஜன் பத்தலன்னா தலைப்பக்கத்து சிறுநீரகத்துல இருந்து அது ஊறும். கொஞ்ச நேரம் ஊறுனா தப்பில்ல, தப்பிச்சு ஓட தெம்பு குடுக்கும், நாள் கணக்கா ஊறுனா தீனி எடுக்காது, சதைய கரைக்கும், நோய தாங்குற சக்தியும் போயிரும். நாங்க எடை போட்ட அன்னைக்கும் மறுநாளும் மீனு தீனிக்கு சரியா வரலன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன், அப்ப காரணம் புரியல. மே மாசம் காத்தே இல்லாம கடல் குளம் மாதிரி கெடக்குமே, அப்ப வலையில பாசியும் சிப்பியும் அடைஞ்சு தண்ணி ஓடாம விடியக்காலையில மீனு மேல வந்து வாயப் பொளந்துக்கிட்டு நின்னுச்சு. வலைய மாத்துனோம். மூணாம் நாளே தீனி எடுக்குற வேகம் மாறிருச்சு, அந்த மாத்தத்த எந்த பாட்டில்லயும் நான் பாக்கல. வலை மாத்த ரெண்டு ஆளு கூலியும் டீசலும்தான் செலவு.

இன்னொரு விஷயம், இத எழுதும்போது எனக்கு கோவமே வருது. அறுவடைக்கு அப்பறம் ராமநாதபுரத்துல ஒரு அம்மா என் மீன கையில எடுத்துட்டு "இது ஊசி போட்டு வளத்த மீனாப்பா, புள்ளைகளுக்கு குடுக்கலாமா"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல. கூண்டு மீனுக்கு யாரும் வளர்ச்சி ஊசி போடுறதில்லம்மா, 600 மீன புடிச்சு ஒவ்வொண்ணுக்கும் ஊசி போட்டா அந்த மெரள்லயே பாதி செத்துரும்னு சொன்னேன். மீனு ஒடம்புல தானா ஊறுற வளர்ச்சி ஹார்மோன் கடல்ல புடிச்ச மீன்லயும் இருக்கு, அது சமைச்சா சிதைஞ்சிரும், மிச்சம் நம்ம வயித்துல செரிச்சிரும், அதுவும் போக மீனோட வளர்ச்சி ஹார்மோன் மனுச ஒடம்புல வேலை செய்யாது. இதெல்லாம் சொல்லி ஒரு கிலோ விக்கறதுக்குள்ள தொண்டை வத்திருச்சு. அமெரிக்கால 2015ல அனுமதி குடுத்த ஒரு சால்மன் இருந்துச்சு (2024 கடைசில அத வளக்குறத நிறுத்திட்டாங்க), வேற சால்மனோட வளர்ச்சி ஹார்மோன் ஜீன உள்ள வச்சது, மூணு வருசம் ஆகுறது ஒன்றரை வருசத்துல எடைக்கு வந்துரும். அது லேப்ல உண்டாக்குன தனி சாதி, நம்ம கூண்டுல இருக்கிறதுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது. ஆனா "ஹார்மோன்"னு செவப்பு எழுத்துல போட்ட காலி பாட்டில் 11 என் படகுல கெடந்தா, பாக்குற சனம் எத நம்பும்? உள்ள இல்லாத ஒண்ண பேருல போட்டு வித்து, வாங்குறவன் காசும் போய் மீனுக்கு கெட்ட பேரும் வருது. அந்த வார்த்தைய லேபிள்ல இருந்து எடுத்துட்டு "வாசனைத் தீவனச் சேர்மானம்"னு போட்டு 300 ரூபாய்க்கு வித்தா நானே நல்லபடியா எழுதுவேன்.

மார்க்குன்னு கேட்டா அஞ்சுக்கு ஒண்ணு, அந்த ஒண்ணும் வாசனைக்கு. அதே கடையில இருக்கிற மெதக்குற கொடுவா தீவனம் நல்லாருக்கு, அத குறை சொல்ல மாட்டேன், உடையாம மெதக்குது, மீனு எடுக்குறத கண்ணால பாத்து நிறுத்திக்கலாம், வெலைதான் நமக்கு எட்டல. 12வது பாட்டில் சீல் உடைக்காம இருந்துச்சு, கொண்டு போய் குடுத்தேன், கடைக்காரர் ஒரு வார்த்தை பேசாம காச திருப்பிக் குடுத்துட்டாரு, அதுக்கு அவருக்கு நன்றி.

20,350 ரூபாய்க்கு தடைக்கால வெலையிலயே கிலோ 40ன்னு வச்சாலும் 500 கிலோ சூடை வந்திருக்கும், என் கூண்டு கணக்குப்படி அது 70, 80 கிலோ கடல்விரால். அடுத்த வருசத்துக்கு மார்ச்ல வெல எறங்கி இருக்கும்போதே சூடை வாங்கி ஐஸ் கம்பெனில ஒறைய வச்சுக்கலாம்னு மச்சானும் நானும் பேசி வச்சிருக்கோம், ரெண்டு டன்னுக்கு எடம் கேட்டிருக்கேன், முழுசா எங்களால நெரப்ப முடியாது. வேதாளை, மரைக்காயர்பட்டினம் பக்கம் யாராச்சும் பங்கு சேரணும்னா பொங்கலுக்கு முன்னாடி சொல்லுங்க. எடை நோட்டு வேணுங்கிறவங்களுக்கு போட்டோ எடுத்து அனுப்புறேன்.